கேன் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு அருகிலுள்ள டொங்காட் நகரின் நீர்சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோனது. பல மாதங்கள் அந்த ஊரே கேன்களைத் தூக்கிக்கொண்டு டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது. லாரித் தண்ணீரோ, ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்த மழைநீரோ, குடிக்கும்முன் கிருமி நீக்க வேண்டும். தென்னாப்பிரிக்க சுகாதாரத் துறை சொல்லும் அளவு எளிது: 25 லிட்டருக்கு 5 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி பிளீச். கலக்கி மூடிவைத்து 2 மணி நேரமாவது விட வேண்டும்; இரவு முழுக்க விட்டால் நல்லது.

தென்னாப்பிரிக்காவில் விற்கும் சாதா பிளீச் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 3.5 சதவீதம். 5 மி.லி.யில் 175 மி.கி.; 25 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 7 மி.கி. இது தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. மின்னூட்டம் இல்லாததால் கிருமியின் சுவரைச் சுலபமாகக் கடந்து உள்ளே இருப்பதைக் குலைக்கிறது. காரத்தன்மை கூடினால் அதில் பெரும்பகுதி மின்னூட்டமுள்ள அயனியாகிவிடும். அயனிக்கு அந்த வேகம் கிடையாது.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது கலங்கல்தான். சேறும் அழுகிய இலையும் பிளீச்சிலுள்ள குளோரினைத் தின்றுவிடும், கிருமிகள் ஒளிந்துகொள்ள இடமும் தரும். கலங்கலாக இருக்கிறதே என்று பிளீச்சை மட்டும் கூட்டுவது வீண். தெளியவைத்து, மேல்நீரைப் பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்பாக மடித்து வடிகட்டிய பிறகே பிளீச் விடுங்கள். பழைய சேலைதான் வேண்டும். துவைத்துத் துவைத்து அதன் இழையிடுக்குகள் சுருங்கியிருக்கும். வங்கதேசக் கிராமங்களில் இந்த வடிகட்டல் ஒன்றே காலராவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது.

2 மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் லேசான பிளீச் வாடை வர வேண்டும். வாடையே இல்லையென்றால் போட்டதெல்லாம் தீர்ந்துவிட்டது. மறுபடி ஒரு தேக்கரண்டி விட்டுக் காத்திருங்கள். வெயில் படும் ஜன்னலோரம் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலுக்கு வீரியம் குறைந்திருக்கும். வாசனை சேர்த்த பிளீச்சும் கெட்டியான பிளீச்சும் தரைக்குத்தான், தண்ணீருக்கு ஆகாது.

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இந்த அளவுக்கு மசியாது. கைக்குழந்தைக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்த தண்ணீரே கொடுங்கள். பூச்சிமருந்தோ உலோகமோ கலந்திருந்தால் பிளீச்சும் கொதியும் உதவாது.

சுத்தமான கேனில் கைவிட்டு மொண்டால் பட்ட பாடெல்லாம் பாழ். குழாய் வைத்த கேன் நல்லது, இல்லையேல் சாய்த்து ஊற்றுங்கள். வாடை பிடிக்காதவர்கள் குடிக்கும் டம்ளரில் மட்டும் தேநீர்போல இரண்டு ஆற்று ஆற்றிக்கொள்ளலாம். கேன் முழுவதையும் ஆற்றினால் காவலுக்கு மிஞ்சியிருக்கும் குளோரினும் காற்றோடு போய்விடும்.