“செடி நடுகிற வேலைதானே?” என்று கேட்கும் பெற்றோருக்கு

சிங்கப்பூரில் ஏ நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகிப் பல்கலைக்கழக விண்ணப்ப நாள்கள் நெருங்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் எனக்கு உறவினர்களிடமிருந்தும் அறிந்தவர்களிடமிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வருவதுண்டு. இந்த ஆண்டு வந்த ஐந்தாவது அழைப்பு எங்கள் குடும்பத்துக்கு நீண்ட நாள் பழக்கமான ஓர் அக்காவிடமிருந்து வந்தது. “தம்பி, மகள் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீங்கள் அந்தத் துறையில் இருப்பவர், நீங்கள் சொன்னால் கேட்பாள். செடி நடுகிற வேலைக்கு எதற்கு நான்கு ஆண்டுப் படிப்பு என்று கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்” என்றார். பத்தொன்பது ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலையை விட்டு விலகும்படி அவருடைய பெண்ணுக்கு நானே அறிவுரை சொல்ல வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார் என்பதால் எனக்குக் கோபத்தைவிட அயர்ச்சியே மிகுந்தது.

அதே வாரத்தில் ஒரு மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். கட்டடம் ஏறத்தாழ முடிந்துவிட்டது; நீர்க்கசிவுத் தடுப்பு பூசிச் சோதனையும் முடித்துவிட்டார்கள். உரிமையாளர் ஒரு படத்தைக் காட்டி, “இதுபோல நான்கு பெரிய மரங்கள் வேண்டும், மாலையில் நிழலில் உட்கார வேண்டும்” என்றார். அங்கே கட்டியிருந்த தொட்டியின் ஆழம் 300 மில்லிமீட்டர். வடிகால் வாய் ஒன்றே ஒன்று, அதுவும் தொலைவான மூலையில். மரம் வைக்க முடியாது என்று நான் சொன்னபோது, செடிகளைப் பற்றி எனக்குப் போதிய அறிவு இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேறு நல்ல வகை மரம் ஏதாவது இருக்குமா என்று மீண்டும் மீண்டும் கேட்டார். அவரும் அந்த அக்காவும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: எல்லாம் முடிந்த பிறகு மேலே தூவும் மல்லித்தழையாக எங்கள் வேலையைக் கருதுகிறார்கள்.

தமிழில் இதை நிலவனப்பு என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் ‘வனப்பு’ என்று சொன்னவுடன் அலங்காரம் மட்டுமே மனத்தில் நிற்கிறது, ‘நிலம்’ என்ற முதற்பாதி மறந்துபோகிறது. எங்கள் நாளின் பெரும்பகுதி அந்த முதற்பாதியோடுதான் கழிகிறது. மண்ணின் ஆழம், ஈரமண்ணின் எடை, தரையின் மட்டம், மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், தீயணைப்பு வண்டி எங்கே நிற்க வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவர் ஏறும் சரிவு எவ்வளவு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மரத்தின் வேர் எந்தக் குழாயைத் தொடும் என்பவைதான் எங்கள் மேசைமேல் கிடக்கும் கேள்விகள். எந்தப் பூ எந்த நிறம் என்பது கடைசியில், பெரும்பாலும் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும்.

அந்த மொட்டைமாடியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர் ஊறிய மண் கனமீட்டருக்குச் சுமார் 1.8 டன் இருக்கும். ஒரு நடுத்தர மரம் நிலைத்து நிற்க 1 மீட்டர் முதல் 1.5 மீட்டர் வரை மண் வேண்டும். அப்படியானால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 முதல் 2.7 டன் வரை சுமை, மரத்தின் எடையும் காற்றின் விசையும் தனி. சாதாரண வீட்டுத் தளம் ஆட்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றுக்காகக் கணக்கிடப்படுவது சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரைதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், ‘வேறு நல்ல வகை மரம்’ எதுவும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது என்பது விளங்கும். தளத்தின் கம்பியும் கனமும் முடிவாவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரோடும் கட்டடக் கலைஞரோடும் நாங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால், தூண்கள் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே தொட்டியை வைத்து, செலவை அதிகம் கூட்டாமல் அந்த நான்கு மரங்களையும் கொடுத்திருக்கலாம். முடிவில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றுவதைத் தவிர வேறு வழி எனக்கு இருக்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, அதுவும் அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்கே ஓடும் காலாங் ஆற்றைப் பார்த்து, அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று எண்ணுகிறார்கள். முன்பு அது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாய். பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் தொடங்கிய ‘துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள்’ திட்டத்தின்கீழ், தேசியப் பூங்காக் கழகத்தோடு சேர்ந்து அதை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக மாற்றி, 2012இல் பூங்காவைத் திறந்தார்கள். கரை அரிக்காமல் இருக்கச் செடிவேர்களையும் கற்களையும் நார்ப்பாய்களையும் எப்படிக் கட்டுவது என்பதை முதலில் பூங்காவின் ஒரு சிறு வடிகாலில் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கைவைத்தார்கள். கனமழையின்போது புல்வெளியே வெள்ளம் பரவும் தாழ்நிலமாகிவிடும். ஆட்களை எச்சரிக்க அபாயச் சங்கும் விளக்குகளும் இருக்கின்றன. மழை நின்ற பின் அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். நம் முன்னோர் ஏரி வெட்டியபோது கரையோடு நிறுத்தாமல், மிகை நீர் பாதுகாப்பாக வெளியேறக் கலிங்கும் கட்டினார்கள். மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்க நான் வரையும் ஒவ்வொரு மழைத்தோட்டத்திலும் ஒரு கலிங்கு இருக்கிறது. குழாய் வடிவில் இருப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

சாங்கி விமான நிலையத்திலிருந்து நகரை நோக்கி வரும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயில் தூங்குமூஞ்சி மரங்கள் விரித்திருக்கும் நிழலை எல்லாரும் புகழ்வார்கள். சாலையின் வரைபடத்திலேயே மரத்துக்கான மண்பட்டைக்கு இடம் ஒதுக்கியதால் கிடைத்த நிழல் அது. 1967இல் ‘தோட்ட நகரம்’ என்ற இலக்கை இந்நாடு அறிவித்தபோது அது பொருளியல் கொள்கையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒன்று. “தோட்டக்காரர் வேலை” என்று பெற்றோர் சொல்லும்போது அதில் ஒலிக்கும் இளக்காரம். நான் வரையும் கோட்டை மண்ணில் நிகழ்த்துபவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். புதிதாக நட்ட மரத்தின் வேர்ப்பந்து உள்ளே காய்ந்திருப்பதை மேல்மண்ணைத் தொட்டே சொல்லிவிடும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் நான் கற்றது எந்த வகுப்பிலும் கிடைக்காதது. அவருடைய தொழில் வேறு, என் தொழில் வேறு. ஆனால் “நாங்கள் தோட்டக்காரர் இல்லை” என்று அவரை ஒரு படி கீழே நிறுத்தி என் தொழிலுக்கு மதிப்புத் தேட நான் விரும்பவில்லை. இதைப் படிக்கும் பிள்ளைகளும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வேலை வாய்ப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு, ஆனால் இது சிறிய துறை. ஆலோசனை நிறுவனங்கள், தேசியப் பூங்காக் கழகம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நகர மறுசீரமைப்பு ஆணையம் போன்ற அரசு அமைப்புகள், சொத்து மேம்பாட்டாளர்கள், கட்டுமானக் குத்தகை நிறுவனங்கள் ஆகியவைதான் வேலை தரும் இடங்கள். ஆணையம் 2009இல் தொடங்கிய ‘லஷ்’ திட்டம், கட்டடம் எழும்பும் நிலத்தில் இழக்கப்படும் பசுமையை மாடிகளிலும் மேல்தளங்களிலும் ஈடுசெய்ய வைத்ததால், முன்பு ஒரு பூந்தொட்டியோடு முடிந்த திட்டங்களுக்குக்கூட இன்று எங்கள் வரைபடம் தேவைப்படுகிறது. யீஷூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையையும் உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டி குடியிருப்புத் தொகுதியையும் நேரில் சென்று பார்த்தால் நான் சொல்வது புரியும். இங்குள்ள அலுவலகங்கள் வெளிநாட்டுத் திட்டங்களையும் எடுத்துச் செய்வதால் பயணமும் உண்டு. தொடக்கச் சம்பளம் கணினித்துறையோடு போட்டியிடாது. ஏலக்குத்தகைக்கு வரைபடம் அனுப்பும் வாரங்களில் இரவு வெகுநேரமாகும். இதை மறைத்துப் பிள்ளைகளை இத்துறைக்கு அழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009இல் முதுநிலைப் படிப்பும் 2021இல் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பும் தொடங்கின. என் காலத்தில் வெளிநாடு போக வேண்டியிருந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வருகிறவர்களைக் குறைவாக எண்ண வேண்டாம். கட்டுமான விவரங்களில் அவர்கள் கை பெரும்பாலும் உறுதியாக இருக்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு இருப்பதுபோல் சட்டப்படியான பதிவு நமக்கு இல்லை என்பதால், 1985இல் அமைந்த சிங்கப்பூர் நிலவனப்புக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பெறுவதை எந்த இளையரும் தள்ளிப்போடக் கூடாது. எவரும் தம்மை நிலவனப்பு வடிவமைப்பாளர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், வாடிக்கையாளருக்கு உங்களை வேறுபடுத்திக் காட்டுவது அந்த அங்கீகாரமே.

விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். செடிகளைப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வராதீர்கள். புவியியலும் கணக்கும் கையால் வரைதலும் பிடிக்குமா என்று உங்களையே கேளுங்கள். இந்தத் துறையை வெயிலில் நின்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்: இரண்டு மாதமாவது வேலைப் பயிற்சிக்குப் போங்கள், அதிலும் ஒரு மாதம் கட்டுமானத் தளத்தில் இருக்கட்டும். கணினியில் வரைந்த அழகிய படங்களால் விண்ணப்பத் தொகுப்பை நிரப்பாதீர்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு மாதம் கவனித்து, அதை வெட்டுத்தோற்றமாக, அதாவது தரையைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல், வரைந்து கொண்டுவந்தால் நேர்காணலில் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். தேங்கும் நீர் கொசுவையும் டெங்கியையும் கொண்டுவரும் இந்த ஊரில் அது சிறிய விஷயமில்லை.

வீடோ கட்டடமோ கட்டுவோருக்கும் ஒரு வேண்டுகோள். எங்களைக் கடைசியில் அழைக்காதீர்கள். தளத்தின் சுமைக் கணக்கு முடிவதற்கு முன் அழையுங்கள். நிலத்தில் பழைய மரம் இருந்தால் ரம்பம் எடுக்கும் முன் கேளுங்கள்: மரப் பாதுகாப்புப் பகுதியிலோ காலி நிலத்திலோ உள்ள, ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டுவது சட்டப்படி குற்றம். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் சுவரில் செடி வளர்க்கும் செங்குத்துத் தோட்டம் கேட்காதீர்கள்; நீர்ப்பாய்ச்சும் குழாய் அடைபட்டால் சில நாள்களில் சுவர் பழுத்துவிடும், பழி எங்களுக்கு வரும்.

பெற்றோருக்கு நான் கடுமையாக எதுவும் சொல்லப்போவதில்லை. தெரியாத துறை என்றால் அச்சம் வருவது இயல்பு. உங்களில் பலருடைய பெற்றோர் வயலை விட்டு இங்கு வந்தது பிள்ளைகள் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்பதற்காகவே என்பதும் எனக்குத் தெரியும். என் தந்தைக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனாலும் பிள்ளை விரும்பிக் கேட்கும் படிப்பை “செடி நடுகிற வேலை” என்ற மூன்று சொற்களால் மூடிவிடாதீர்கள். இத்துறையில் இருப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய மேசைமேல் கிடக்கும் வரைபடங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுப்பதாயிருந்தால் மறுங்கள்.

அந்த அக்காவின் மகளுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை காலை இருவரையும் பீஷான் பூங்காவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மகளை ஓர் அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துவரச் சொன்னேன். அக்கா தயங்கிவிட்டு, “மழை வந்தால்?” என்று கேட்டார். மழை விட்டதும் பார்ப்பதுதான் இன்னும் நல்லது, குடை மட்டும் கொண்டுவாருங்கள் என்றேன்.