சைக்ளோபுரோப்பேனின் எஸ் கணக்கு

நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அல்லீனின் (H2C=C=CH2) நடுக் கார்பனில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதே, அதன் இனக்கலப்பை எஸ்பி2 என்று போட்டால் ஏன் தவறு?"

இனக்கலப்பு என்பது ஓர் அணுவின் எஸ், பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் உலவும் இடங்கள்) கலந்து புதியவை ஆவது; எஸ்பி2 என்றால் ஒரு எஸ், இரண்டு பி. இரட்டைப் பிணைப்பைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. சிக்மா பிணைப்புகளை, அதாவது இரு அணுக்களை நேராக இணைக்கும் முதல் பிணைப்புகளை, எண்ண வேண்டும். நான்கு என்றால் எஸ்பி3, மூன்று என்றால் எஸ்பி2, இரண்டு என்றால் எஸ்பி. அந்தக் கார்பனுக்குப் பக்கத்துக்கு ஒரு சிக்மாதான், ஆகவே எஸ்பி. மீதி இரண்டு பி ஆர்பிட்டால்களும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் இரு முனை ஹைட்ரஜன் சோடிகளும் வெவ்வேறு தளங்களில் நிற்கின்றன. தேர்வுக்கு இது போதும்.

ஆனால் இந்த இனக்கலப்புக்கு ஆய்வகத்தில் தடயம் உண்டா? 1931இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் முன்வைத்தது மூலக்கூறு வடிவத்தை விளக்கும் ஒரு கணிதம். ஆர்பிட்டால்கள் கலப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு பிணைப்பில் எஸ் பங்கு எவ்வளவு என்று ஏறக்குறைய அளந்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பி எலக்ட்ரான் அணுக்கருவின் மையத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. அங்கே அதற்குக் கணு, அதாவது அடர்த்தி சுழியாகும் இடம். எஸ் எலக்ட்ரானுக்கோ அந்தத் தடை கிடையாது. கார்பன்-13, ஹைட்ரஜன் இரண்டின் கருக்களும் குட்டிக் காந்தங்கள். ஒன்று எந்தத் திசையில் நிற்கிறது என்ற சேதி, பிணைப்பு எலக்ட்ரான்கள் வழியாகத்தான் மற்றதற்குப் போகிறது. கருவைத் தொடும் எலக்ட்ரானால்தான் அந்தச் சேதியைச் சுமக்க முடியும். எஸ் பங்கு கூடக்கூட, என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் கோடுகளின் பிளவு அகலும். ஈத்தேனில் 125 ஹெர்ட்ஸ், எத்திலீனில் 156, அசிட்டிலீனில் 249. ஐந்நூறால் வகுத்துப் பாருங்கள், எஸ் பங்கு கிடைக்கும்: 25, 31, 50 சதவீதம். எஸ்பி3, எஸ்பி2, எஸ்பிக்குப் பாடநூல் சொல்வது 25, 33, 50! முல்லரும் பிரிட்சர்டும் 1959இல் எடுத்துக்காட்டிய தொடர்பு இது. வேதியியல் பட்டம் வாங்கியும் என்.எம்.ஆர். கருவியை நேரில் பார்க்காதவர்கள் நம்மிடையே உண்டு. மாவட்டத்துக்கு ஒரு மேசைக் கருவியாவது வாங்கிக் கொடுத்தால் அரசு ஒன்றும் ஏழையாகிவிடாது.

இப்போது மூன்று கார்பன்கள் முக்கோண வளையமாக இணைந்த சைக்ளோபுரோப்பேனைப் பார்ப்போம். ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு சிக்மா, எண்ணினால் எஸ்பி3. அளந்தாலோ 161 ஹெர்ட்ஸ், அதாவது 32 சதவீதம். எத்திலீனையே தாண்டிவிட்டது! 60 பாகை முக்கோணத்துக்குள் நெருங்கி நிற்க, வளையப் பிணைப்புகளுக்குப் பி பங்கு கூடுதலாக வேண்டும். அதனால் எஸ் வெளிப்பக்கம், ஹைட்ரஜன்களை நோக்கி ஒதுங்குகிறது. ஒரு கார்பனிடம் இருப்பது ஒரே ஒரு எஸ். ஹைட்ரஜன்கள் இரண்டும் 64 சதவீதத்தை எடுத்துக்கொள்ள, வளையப் பிணைப்புகளுக்கு ஆளுக்கு 18 சதவீதம்தான் மிச்சம். கணக்குப்படி அவை கிட்டத்தட்ட எஸ்பி4.5. விடைத்தாளில் மட்டும் எஸ்பி3 என்றே எழுதுங்கள்.