சாயும் படகும் சாயாத படகும்

'கேட்டமரன்' என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பொருள் மட்டும் வழியில் மாறிவிட்டது. கட்டுமரம் என்பது கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை; இன்றைய கேட்டமரனோ ஒடுங்கிய இரண்டு உடல்களை ஒரு தளத்தால் இணைத்த பாய்மரப் படகு. அது மேலா, ஒற்றை உடல் படகு மேலா என்பது மாலுமிகளிடையே தீராத வழக்கு. காற்று தள்ளும்போது இரண்டும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்த்தால் வழக்கின் வேர் புரியும்.

ஒற்றை உடல் படகு சாய்ந்து கொடுக்கும். அதன் அடியில் ஈயத்தாலோ இரும்பாலோ ஆன கனமான ஏரா தொங்குகிறது. படகு சாயச் சாய அந்த எடை பக்கவாட்டில் விலகி, நிமிர்த்தும் விசையைக் கூட்டுகிறது. பாயும் சாய்வதால் காற்றின் பிடி தளர்கிறது. நல்ல ஆழ்கடல் படகு 90 டிகிரியைத் தாண்டிச் சாய்ந்தாலும் எழுந்துவிடும்.

கேட்டமரனுக்கு அகலமே பலம். ஏறத்தாழ 10 டிகிரி சாய்வில் ஒரு பக்க உடல் நீரைவிட்டு எழும்போது நிமிர்த்தும் விசை உச்சத்தைத் தொடுகிறது. பிறகு குறைந்துகொண்டே போகிறது. கவிழ்ந்தால் தலைகீழாகவே கிடக்கும். அதுவரை தேநீர்க் கோப்பைகூட நகராது என்பதுதான் ஆபத்து. சாய்வு எச்சரிக்காததால், காற்றுமானியின் எண்ணைப் பார்த்தே பாயைச் சுருக்க வேண்டும்.

வேகத்தில் பல உடல் படகுகளே முந்துகின்றன. நீர்மட்டத்தில் 36 அடி நீளம் கொண்ட ஒற்றை உடல் படகு, தான் எழுப்பும் அலையிலேயே சிக்கி 8 நாட் (மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ.) அளவில் திணறும். ஒடுங்கிய உடல்கள் சிறிய அலைகளையே எழுப்புவதால் அந்தத் தடை அவற்றுக்குக் குறைவு. ஆனால் நீரும் எரிபொருளும் உணவுமாக ஏற்றினால் அந்த மிடுக்கு போய்விடும்.

மும்பையில் கட்டப்பட்ட 32 அடி ஒற்றை உடல் படகான 'சுஹைலி'யில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவர 312 நாட்கள் ஆயின. 2017இல் ஃபிரான்சுவா கபார் மூன்று உடல் படகில் அதையே 43 நாட்களுக்குள் முடித்தார். அந்த வேகத்தை வியக்கிறேன். ஆனாலும் தனியாகப் போவதென்றால் சாயும் படகையே எடுப்பேன். இரவில் காற்று வலுத்தால், உறங்குபவரைப் படுக்கையின் சரிவே எழுப்பிவிடும்.