எத்தனை வழக்கு இருந்தாலும் வக்கீல் உண்டு

சட்ட உதவி முகாம் போகும் ஊரிலெல்லாம் இந்தக் கேள்வி வரும். "தெரியாமல் ஒரு தடவை தப்பு செய்தவனுக்கு வக்கீல் வைத்துக் கொடுங்கள், சரி. ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பவனுக்கு எதற்கு எங்கள் வரிப்பணம்?" கேட்பவர்களில் பலர் திருட்டுக் கொடுத்தவர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. தாலிச்செயினைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய்ச் சட்டப்பிரிவு ஒப்பிக்க எனக்கு மனம் வராது.

ஆனால் முதல் தடவை வருகிறவரைவிடப் பழைய ஆளுக்குத்தான் வக்கீல் அதிகம் தேவை. தெருவில் ஒரு பூட்டு உடைந்தால் முதலில் புரட்டப்படுவது பழைய பட்டியல்தான். ஆள் சிக்கியதும், துப்புக் கிடைக்காமல் கிடந்த வழக்குகளும் ஒப்புதல் வாக்குமூலத்தில் ஏறிவிடுவதுண்டு. சட்ட உதவி வக்கீலான எனக்கு ஒதுக்கப்பட்ட ஒருவர் மேல் அப்படி நான்கு வீடு புகுந்த திருட்டு வழக்குகள். சிறையில் பார்த்தபோது, "இதுல ஒரு தேதியில நான் உள்ளேதான் இருந்தேன் மேடம்" என்றார். நான் பாதிதான் நம்பினேன். சிறையிலிருந்து சான்று வாங்கிப் பார்த்தால், அந்த ராத்திரி வேறொரு வழக்கில் அதே சிறையில்தான் அடைபட்டிருக்கிறார். அந்தத் தேதித் திருட்டு வழக்கில் விடுதலை. மற்றதில் இரண்டில் தண்டனை. இரண்டுமே சரியான தீர்ப்பு.

சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-ன் 12-ஆம் பிரிவு, காவலில் இருப்பவரிடம் வருமானமும் கேட்பதில்லை, எத்தனையாவது வழக்கு என்றும் கேட்பதில்லை. வக்கீல் கொடுத்தால் குற்றவாளி தப்பிவிடுவான் என்ற பயமும் வேண்டாம். மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாப்பின் தூக்கை 2012-ல் உறுதிசெய்த அதே தீர்ப்பில்தான், முதன்முதலில் ஆஜராகும்போதே வக்கீல் உரிமையை எடுத்துச் சொல்வது நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) கடமை என்றது உச்ச நீதிமன்றம். மாறாக, இலவச வக்கீல் உண்டென்று சொல்லாமலே நடத்திய ஓர் அருணாசலப் பிரதேச வழக்கில், தண்டனையையே 1986-ல் ரத்து செய்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளையை ரிமாண்டுக்குக் கொண்டுபோனால், வக்கீல் இல்லை என்பதை நடுவரிடமே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் 15100-க்குக் கூப்பிடலாம், அல்லது தாலுகா நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவுக்கு நேரில் போகலாம். பழைய வழக்கு இருக்கிறதே என்று கூச்சப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

அப்புறம், அந்த விடுதலைத் தீர்ப்பு வந்த அன்று, நகையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் நீதிமன்ற வாசலில் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். "அப்போ எங்க வீட்டுக்குள்ள வந்தது யாரும்மா?" என்று கேட்டார். இந்த ஆளின் பெயரை எழுதிய நாளோடு அவர் வழக்கில் விசாரணை நின்றுபோயிருந்தது.