ஸ்க்ரீன்ல வர்ற நம்பர் எங்கேருந்து வருதுன்னு பாருங்க: பிளான்ட்டுக்குப் புதுசா வர்ற ஆட்டோமேஷன் பிள்ளைங்களுக்கு

இன்ஸ்ட்ருமென்டேஷனோ ஈஈஈயோ முடிச்சிட்டு கெமிக்கல் பிளான்ட்லயும் ரிஃபைனரிலயும் ட்ரெய்னியா சேர்ற பிள்ளைங்களோட பல வருஷமா வேலை பாக்குறேன். நல்லா படிச்ச பிள்ளைங்க. லேடர் லாஜிக் (ஏணி மாதிரி வரைஞ்சி எழுதுற கன்ட்ரோல் புரோகிராம்) சட்டுன்னு புரிஞ்சிக்கிறாங்க, பிஐடி ஈக்குவேஷன (வால்வ எவ்ளோ தொறக்கணும்னு கணக்குப் போடுறது) தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து ஒரு லெவல் 78 சதவீதம்னு பாத்தா, உள்ள நெஜமாவே 78 சதவீதம் இருக்குன்னு அப்படியே எடுத்துக்குறாங்க. இந்த ஒரு பழக்கத்த முதல் ரெண்டு மூணு மாசத்துலயே மாத்திக்கிட்டா மத்த வேலையெல்லாம் பின்னாடியே வந்துரும்னு நான் நம்புறேன், அதனால இத பத்தித்தான் விலாவாரியா எழுதப் போறேன்.

ஒரு சாதாரண ஃப்ளோ மெஷர்மென்ட்ட எடுத்துக்கோங்க. பைப்புல ஆரிஃபைஸ் பிளேட் (நடுவுல ஓட்ட போட்ட தகடு), அதோட ரெண்டு பக்கத்துலேருந்தும் பிரஷர எடுத்துட்டு வர்ற சின்னக் குழாயான இம்பல்ஸ் லைன், அத மூடித் தொறக்குற வால்வ் செட்டான மேனிஃபோல்டு, ரெண்டு பக்க பிரஷர் வித்தியாசத்த (டிபி) சிக்னலா மாத்துற டிபி டிரான்ஸ்மிட்டர், அங்கேருந்து 4-20 மில்லிஆம்ப் ஜங்ஷன் பாக்ஸுக்குப் போயி, மல்டி பேர் கேபிள்ல ஏறி, மார்ஷலிங் பேனல் (ஒயர் எல்லாம் பிரிச்சிக் கட்டுற எடம்), பேரியர் (ஃபீல்டுக்கு அதிக கரன்ட் போகாம தடுக்குறது), ஐஓ கார்டு எல்லாம் தாண்டி டிசிஎஸ்ல (பிளான்ட்ட கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் சிஸ்டம்) ஸ்கேலிங் ஆகி, அதுக்கப்புறம் தான் உங்க கண்ணுல படுது. நடுவுல எங்க கோளாறு இருந்தாலும் ஸ்க்ரீன் பாட்டுக்கு ஏதோ ஒரு நம்பர காட்டிக்கிட்டே தான் இருக்கும். இம்பல்ஸ் லைன் சோக் ஆனாலும் காட்டும், மேனிஃபோல்டுல ஈக்வலைசிங் வால்வ் (ரெண்டு பக்க பிரஷரையும் ஒன்னாக்குறது) லேசா பாஸ் ஆனாலும் காட்டும், அப்போ ஃப்ளோ கொஞ்சம் கம்மியா தெரியும், அவ்ளோதான், அலாரம் கூட வராது.

4 மில்லிஆம்ப்லேருந்து ஏன் ஆரம்பிக்குதுன்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஃப்ளோ ஜீரோன்னா 4, ஒயர் அறுந்து போச்சுன்னா 0, ரெண்டும் வேற வேறன்னு தெரியணும். இப்ப வர்ற டிரான்ஸ்மிட்டர்ல முக்காவாசி நாமூர் என்ஈ 43ங்கிற ஸ்டாண்டர்டு கணக்குப்படி செட் பண்ண முடியும், 3.8லேருந்து 20.5 வரைக்கும் மெஷர்மென்ட், 3.6க்குக் கீழயோ 21க்கு மேலயோ போனா டிரான்ஸ்மிட்டரே "எனக்கு உடம்பு சரியில்ல"ன்னு சொல்லுதுன்னு அர்த்தம். ஆனா அந்த சிக்னல் வந்தா உங்க டிசிஎஸ் என்ன பண்ணும்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க, நீங்களா கேட்டுத் தெரிஞ்சிக்கணும். சில எடத்துல பிவி (அளந்து வர்ற வேல்யூ) பேட்னு காட்டி லூப் (அளந்து, கணக்குப் போட்டு, வால்வ நகத்துற சுத்து) மேனுவலுக்கு வந்து வால்வ் இருந்த எடத்துலயே நிக்கும். சில எடத்துல வெறுமனே ஜீரோன்னு எடுத்துக்கிட்டு, லெவல் ஜீரோ ஆயிடுச்சேன்னு லூப் ஃபீட் வால்வ ஃபுல்லா தொறந்து விட்ரும். உங்க ஏரியால முக்கியமான லூப் ஒவ்வொன்னுக்கும் இதுக்கு என்ன பதில்னு தெரிஞ்சி வெச்சிக்கோங்க.

அப்புறம் மில்லிஆம்ப் பாக்குறதுக்கு ஒயர கழட்டாதீங்க. டிரான்ஸ்மிட்டர்லயே டெஸ்ட் டெர்மினல் இருக்கும், மல்டிமீட்டர மில்லிஆம்ப் ரேஞ்சுல வெச்சி அதுல பாக்கலாம், லூப் அறுபடாது. லூப்புல 250 ஓம் ரெசிஸ்டர் இருந்தா அதுக்கு குறுக்க வோல்டேஜ் பாத்தாலே போதும், 4-20க்கு 1லேருந்து 5 வோல்ட் வரும். ட்ரிப்ல (பிளான்ட்ட தானா நிறுத்துற பாதுகாப்பு) இருக்குற டேகோட (இன்ஸ்ட்ருமென்ட்டுக்குக் குடுத்த பேர்) ஒயர பெர்மிட் இல்லாம ஒரு செகண்ட் கழட்டினாலும் பிளான்ட் நின்னுரலாம்.

இப்ப கிட்டக்க போயி ஒன்னு காட்டுறேன், இது ஷட்டவுன் முடிஞ்சி ஸ்டார்ட் அப் ஆகுற நேரத்துல அடிக்கடி வர்ற பிரச்சனை. பழைய டிபி டிரான்ஸ்மிட்டர் போயிடுச்சு, புதுசு போட்டாங்க. ஆரிஃபைஸ்ல டிபி வந்து ஃப்ளோவோட ஸ்கொயர், அதனால எங்கயாவது ஒரு எடத்துல ஸ்கொயர் ரூட் எடுக்கணும். பழசுல லீனியர் அவுட்புட், ரூட்ட டிசிஎஸ் எடுத்துச்சு. புதுசுல டிரான்ஸ்மிட்டர்லயே ஸ்கொயர் ரூட் ஆன்ல இருக்கு, யாரும் கவனிக்கல. இப்போ நெஜமான ஃப்ளோ 50 சதவீதம்னு வைங்க, டிபி 25 சதவீதம், டிரான்ஸ்மிட்டர் ரூட் எடுத்து 12 மில்லிஆம்ப் அனுப்பும், டிசிஎஸ் அதுக்கு மேல இன்னொரு ரூட் எடுத்து 70.7ன்னு காட்டும். நெஜமா 10 சதவீதம் போனா ஸ்க்ரீன்ல 31.6. இதுல கொடும என்னன்னா லூப் செக் பண்றப்போ (சிக்னல் குடுத்து ஸ்க்ரீன்ல சரியா வருதான்னு பாக்குறது) ஜீரோவும் ஃபுல் ஸ்பேனும் (முழு அளவு) மட்டும் பாத்தா ரெண்டும் கரெக்டா வரும், ஏன்னா ஜீரோவோட ரூட் ஜீரோ, ஒன்னோட ரூட் ஒன்னு. ஃபார்ம்ல ஓகேன்னு கையெழுத்தும் விழுந்துரும். நடுவுல 25, 50, 75 குடுத்துப் பாத்தா தான் மாட்டும். அதனால சீனியர் யாராவது "ஜீரோ, ஸ்பேன் பாத்தா போதும்ப்பா, டைம் இல்ல"ன்னு சொன்னா கோச்சிக்காம "அண்ணே, அஞ்சு பாயின்ட்டும் பாத்துரலாம்ணே"ன்னு சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகாது.

நம்ம ஊருக்குன்னே ஒரு பிரச்சனை இருக்கு, அது ஐப்பசி கார்த்திகை மழை. மணலி, எண்ணூர், கடலூர், தூத்துக்குடின்னு நம்ம பிளான்ட் பாதி கடலோரம் தான் இருக்கு. ஜங்ஷன் பாக்ஸ்ல மேல் பக்கமா கேபிள் எடுத்திருந்தா, இல்ல யூஸ் பண்ணாத ஹோல்ல பிளக் போடாம விட்டிருந்தா, கிளாண்ட் (கேபிள் நுழையுற எடத்த அடைக்கிறது) வழியா தண்ணி உள்ள எறங்கிரும், உப்புக் காத்துல டெர்மினல் பச்ச பூத்துரும். பிடி100ங்கிற டெம்பரேச்சர் சென்சார்ல ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் தான் மாறும். அந்தப் பச்ச புடிச்ச டெர்மினல்ல ஒரு லெக்ல மட்டும் ஒரு ஓம் எக்ஸ்ட்ரா வந்தா த்ரீ ஒயர் காம்பன்சேஷனால (ஒயரோட ரெசிஸ்டன்ஸ கழிச்சிக்கிற ஏற்பாடு) அத சரி பண்ண முடியாது, ரெண்டரை டிகிரி தப்பாயிரும். மழைக்கு முன்னாடி செப்டம்பர்லயே பாக்ஸ் எல்லாம் தொறந்து பாத்துருங்க, மழ வந்தப்புறம் பெர்மிட் வாங்குறதே பெரும்பாடு.

சரி, நம்பர நம்புனதால என்ன ஆகும்? 2005 மார்ச் 23, அமெரிக்கால டெக்சஸ் சிட்டில பிபி ரிஃபைனரி. 170 அடி உயர டவர், ஸ்டார்ட் அப் நடக்குது. அந்த லெவல் டிரான்ஸ்மிட்டர் டவரோட அடிப்பக்கம் கொஞ்சத்த மட்டும் தான் அளக்கும், அதுக்கு மேல எவ்ளோ ஏறினாலும் அதுக்குத் தெரியாது. டிஸ்ப்ளேசர் டைப் அது (லிக்விட்ல முங்கியிருக்குற உருளையோட எடை எவ்ளோ கொறையுதுன்னு பாத்து அளக்குறது), உள்ள லிக்விட் சூடாகி டென்சிட்டி கொறையக் கொறைய ரீடிங்கும் மெல்ல மெல்ல எறங்குது. ஸ்க்ரீன்ல 78 சதவீதம், அதாவது 8 அடி கிட்ட. உள்ள நெஜமா இருந்தது 158 அடி. தனியா இருந்த ஹை லெவல் அலாரமும் அடிக்கல. லிக்விட் மேல வழியா ரிலீஃப் லைன்ல (அதிக பிரஷர வெளிய விடுற பைப்) போயி, அங்கேருந்து வர்றத வாங்கிக்கிற புளோடவுன் டிரம் நிரம்பி வெளிய கொட்டி வெடிச்சதுல 15 பேர் செத்துட்டாங்க, 180 பேருக்கு காயம். இதுல நான் ட்ரெய்னிங்க எடுக்குறப்பெல்லாம் அழுத்திச் சொல்ற விஷயம் ஒன்னு இருக்கு. ஃபீட் உள்ள போயிட்டே இருந்துச்சு, அடியிலேருந்து மணிக்கணக்கா எதுவும் வெளிய எடுக்கல, அப்படி இருக்கப்போ லெவல் எப்படி எறங்கும்? இந்தக் கேள்விக்கு இன்ஸ்ட்ருமென்ட் அறிவே வேணாம். ஆனா உள்ள போற ஃப்ளோ ஒரு ஸ்க்ரீன்லயும் வெளிய போற ஃப்ளோ வேற ஸ்க்ரீன்லயும் இருந்துச்சு, பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாக்க முடியல. நாளைக்கு நீங்க கிராஃபிக்ஸ் பண்ற வேலைக்குப் போனா அழகா த்ரீ-டி டேங்க் வரையுறதுக்கு முன்னாடி, ஒரு வெசல்ல உள்ள போறது வெளிய போறது லெவல் மூணும் ஒரே எடத்துல தெரியுதான்னு பாருங்க.

வால்வ் பக்கமும் இதே கததான். ஃபேஸ்பிளேட்ல (ஸ்க்ரீன்ல ஒரு லூப்புக்கான சின்ன விண்டோ) ஓபி (வால்வுக்குப் போற அவுட்புட்) 60ன்னு இருந்தா, 60 தொறன்னு நீங்க சொல்லியிருக்கீங்க, அவ்ளோதான், வால்வ் தொறந்துச்சான்னு அதுக்குத் தெரியாது. 1994 ஜூலை 24ல வேல்ஸ்ல மில்ஃபோர்டு ஹேவன் ரிஃபைனரில இதே மாதிரி ஒரு வால்வ் கன்ட்ரோல் சிஸ்டத்துல ஓப்பன்னு காட்டுச்சு, ஃபீல்டுல மூடியே கெடந்துச்சு. வெடிக்கிறதுக்கு முன்னாடி கடைசி 11 நிமிஷத்துல ரெண்டு ஆபரேட்டருக்கு 275 அலாரம் வந்துருக்கு. ஒரு மனுஷன் எத்தனைன்னு படிப்பான்? ஒரு ஆபரேட்டருக்கு நார்மல் டைம்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம்னு ஈஈஎம்யூஏ 191ங்கிற அலாரம் கைடுல சொல்றாங்க. நீங்க புதுசா ஒரு டேக் கிரியேட் பண்றப்போ சும்மா கெடக்கட்டும்னு நாலு அலாரமும் (ரொம்ப அதிகம், அதிகம், கம்மி, ரொம்ப கம்மி) எனேபிள் பண்ணி விடாதீங்க, அந்த அலாரம் வந்தா ஆபரேட்டர் என்ன பண்ணணும்னு உங்களால ஒரு வரில சொல்ல முடியலன்னா அது வேணாம்.

லூப் ஹன்டிங் ஆகுதுன்னு, அதாவது மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்குன்னு போன் வந்தா புதுப் பசங்க முதல்ல கைய வைக்கிறது பிஐடி நம்பர்ல தான். அது கடைசியா தொடவேண்டியது. ஆபரேட்டர் கிட்ட சொல்லிட்டு லூப்ப மேனுவல்ல போடச் சொல்லுங்க. அப்பவும் ஆடுதுன்னா ஆட்டம் வேற எங்கேருந்தோ வருது, மேல இருக்குற பம்ப்போ வேற லூப்போ. ஆட்டம் நின்னுருச்சுன்னா இந்த லூப்புக்குள்ள தான் பிரச்சனை. ட்ரெண்ட ஜூம் பண்ணி ஓபியையும் பிவியையும் ஒன்னா வெச்சிப் பாருங்க. ஃப்ளோ லூப்புல ஓபி முக்கோணம் முக்கோணமா மெதுவா ஏறி எறங்க, பிவி மட்டும் படி மாதிரி டக்கு டக்குன்னு மாறுச்சுன்னா அது வால்வ் ஸ்டிக் ஆகுறதோட கையெழுத்து. மேனுவல்ல அரை அரை சதவீதமா ஓபிய நகத்திப் பாருங்க, ஃபீல்டுல ஒருத்தர் ஸ்டெம்ம பாத்துக்கிட்டு வாக்கிடாக்கில சொல்லட்டும். ஸ்டெம் வெளிய வர்ற எடத்துல வால்வ் கிளாண்ட் லீக் ஆகுதுன்னு யாரோ பேக்கிங்க இறுக்கி விட்டுருப்பாங்க, இல்ல பொசிஷனர் (வால்வ சொன்ன எடத்துல நிறுத்துறது) லிங்க் லூஸா இருக்கும், இல்ல ஏர் ஃபில்டர் ரெகுலேட்டர்ல தண்ணி நிக்கும், அடில இருக்குற ட்ரெயின தொறந்தா பொளபொளன்னு கொட்டும். இதெல்லாம் இருக்கப்போ கெய்ன (கன்ட்ரோலர் எவ்ளோ பலமா திருத்தணும்ங்கிற நம்பர்) கொறச்சி வெச்சா ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும், போகாது.

பிஐடி நம்பர செட் பண்றது, அதாவது ட்யூனிங்னு வந்துட்டா ரெண்டு விஷயம் சொல்லிட்றேன். சீக்லர்-நிக்கல்ஸ்ங்கிற ட்யூனிங் மெதட் 1942ல வந்தது, படிக்க நல்லாருக்கும், ஆனா அதுல பேர்போன மெதட்ல லூப்ப தொடர்ந்து ஆட விடணும், ஓடுற ரியாக்டர்ல அதுக்கு எந்த ஷிஃப்ட் இன்சார்ஜும் ஒத்துக்க மாட்டார், ஒத்துக்கக் கூடாது. சின்னதா ஒரு ஸ்டெப் குடுத்து பிவி எவ்ளோ நேரம் கழிச்சி அசையுது, எவ்ளோ அசையுதுன்னு பாத்து ஆரம்பிங்க, ஃப்ளோ லூப்புல டி (பிஐடில டெரிவேட்டிவ்) வேணவே வேணாம். ரெண்டாவது யூனிட். ஒரு சிஸ்டத்துல புரொபோர்ஷனல் பேண்ட் சதவீதத்துல கேக்கும், இன்னொன்னுல கெய்ன் கேக்கும், பேண்ட் 200னா கெய்ன் 0.5 தான். இன்டெக்ரல் ஒன்னுல செகண்ட், ஒன்னுல நிமிஷம். பழைய சிஸ்டத்துலேருந்து புதுசுக்கு மாத்துறப்போ இத பாக்காம காப்பி பண்ணா அறுபது மடங்கு வித்தியாசம் வந்துரும்.

பைபாஸ் (ஒரு பாதுகாப்ப தற்காலிகமா செயலிழக்க வைக்கிறது) பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். 2005 டிசம்பர் 11, இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்டு ஆயில் டெப்போ. பெட்ரோல் டேங்க் நிரம்பிக்கிட்டு இருக்கு, லெவல் கேஜ் ஸ்டக் ஆகி ட்ரெண்ட் நேர்கோடா நிக்குது, ஆபரேட்டருக்கு டேங்க்ல எடம் இருக்குற மாதிரியே தெரியுது. அந்த கேஜ் அதுக்கு முந்தின மாசங்கள்லயே பல தடவ ஸ்டக் ஆனது தான். கடைசிக் காவலா இருந்த தனி ஹை லெவல் சுவிட்ச் வேலை செய்யல, ஏன்னா அதோட டெஸ்ட் லிவர சரியான பொசிஷன்ல நிறுத்துறதுக்குப் போடவேண்டிய சின்ன பூட்ட யாரும் போடல. ஒரு பூட்டு. டெப்போவே எரிஞ்சி போச்சு, 43 பேருக்கு காயம், ஞாயித்துக் கெழம விடிகாலைங்கிறதால யாரும் சாகல. அதனால ஃபீட் போயிட்டு இருக்குறப்போ ஒரு ட்ரெண்ட் ஸ்கேல் வெச்சிப் போட்ட கோடு மாதிரி அசையாம நின்னா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க. ட்ரிப் டெஸ்ட் முடிஞ்சதும் திரும்ப சர்வீஸ்ல போட்டாச்சான்னு இன்னொரு ஆள வெச்சிப் பாருங்க. பிஎல்சில (லேடர் லாஜிக் ஓடுற கன்ட்ரோலர்) ஃபோர்ஸ் போட்டா (நெஜ சிக்னலுக்குப் பதிலா நம்ம வேல்யூவ திணிச்சா) பைபாஸ் ரிஜிஸ்டர்ல யாரு, எதுக்கு, எப்ப எடுக்கணும்னு எழுதாம கீபோர்ட விட்டு எழுந்திரிக்காதீங்க. "அஞ்சு நிமிஷம் தான் தம்பி, ஃபோர்ஸ் போடு"ன்னு யாரு சொன்னாலும் கையெழுத்து கேளுங்க, கேக்குறது உங்க உரிமை. சேஃப்டி பிஎல்சியோட சாவி ரன்ல இருக்கான்னும் பாருங்க. 2017ல சவுதில ஒரு பெட்ரோகெமிக்கல் பிளான்ட்ல சேஃப்டி கன்ட்ரோலருக்குள்ளயே டிரைடன்னு ஒரு மால்வேர் பூந்துச்சு, அந்த கன்ட்ரோலரோட சாவி புரோகிராம் பொசிஷன்ல கெடந்தது அதுக்கு வசதியா போச்சு. பென் டிரைவ் விஷயத்துல இவ்ளோ கெடுபிடி ஏன்னு கேக்குற பசங்களுக்கும் இதான் பதில்.

தங்கச்சிங்களுக்குத் தனியா ஒன்னு. நெறைய எடத்துல பொண்ணுங்கள சேத்துக்கிட்டு டாக்குமென்ட்டேஷன், கிராஃபிக்ஸ்னு கன்ட்ரோல் ரூம்லயே உக்கார வெச்சிட்றாங்க, பாதுகாப்புக்காகன்னு சொல்றாங்க. ஃபீல்டு தெரியாம இந்தத் தொழில்ல மேல வரவே முடியாது. லூப் செக்குக்கு என்னையும் போடுங்க, வால்வ் ஸ்ட்ரோக் பண்றப்போ (முழுசா தொறந்து மூடிப் பாக்குறது) என்னையும் கூப்பிடுங்கன்னு வாய் விட்டுக் கேளுங்க. மேனேஜரா இருக்குறவங்க இத படிச்சா, அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே அனுப்புங்க.

கைல பி அண்ட் ஐடியும் (பைப், இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் காட்டுற படம்) லூப் டிராயிங்கும் இல்லாம ஃபீல்டுக்குப் போகாதீங்க, டிராயிங்ல இருக்குற ஃபெரூல் நம்பரும் (ஒயர்ல மாட்டுற அடையாள நம்பர்) பேனல்ல இருக்குறதும் ஒத்துப்போகலன்னா அன்னிக்கே செவப்பு பேனால மார்க் பண்ணுங்க. பேனல்ல உக்காந்திருக்குற பழைய ஆபரேட்டர் "இந்த வால்வ் சத்தமே சரியில்ல தம்பி"ன்னு சொன்னா ட்ரெண்ட் நல்லா இருந்தாலும் எழுந்து போயி பாருங்க. ஷிஃப்ட் முடியுறப்போ லாக் புக்ல "லூப் சரி பண்ணப்பட்டது"ன்னு மட்டும் எழுதிட்டுப் போகாதீங்க. டேக் நம்பர், நேரம், முன்னாடி இருந்த வேல்யூ, இப்ப போட்ட வேல்யூ, எதனால மாத்துனீங்க, யார்கிட்ட சொல்லிட்டு மாத்துனீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அதே லூப் திரும்ப ஆடினா, சி ஷிஃப்ட்ல இருக்குறவர் உங்களுக்கு போன் பண்ணாமலே பழைய வேல்யூவ திரும்பப் போட முடியணும்.