அமுத்தினால் கேட்காது

பாலக்கோடு தக்காளி மண்டி, விடிகாலை. மழையில் நனைந்த பெட்டிகளை இறக்கிய கையோடு மாமா இறக்குகூலிக்குப் போனில் பணம் அனுப்பப் பார்க்கிறார். “எவ்ளோ அமுத்துறேன், கம்முனு கெடக்குது பாரு.” நகம் வெளுக்கும் அளவுக்குக் கட்டைவிரலைத் திரையில் ஊன்றுகிறார்.

பட்டன் போனில் இது சரி. பொத்தானுக்கு அடியில் உள்ள சின்ன உலோகக் குமிழ் அழுந்தி இரண்டு முனைகளை இணைத்தால்தான் எண் விழும். பேனா மூடியால் குத்தினாலும் விழும். இன்றைய தொடுதிரைகள் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தமே பொருட்டில்லை. அவை பார்ப்பது மின்னூட்டத்தை.

கண்ணாடிக்கு அடியில் பாவும் ஊடும் போல மின்கோடுகள் ஓடுகின்றன. மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே ஒளியையும் உள்ளே விடும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு திசைக் கோடுகளில் மின்துடிப்பை அனுப்பி, மறு திசைக் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று உள்ளிருக்கும் சில்லு (சிப்) நொடிக்குப் பல பத்து முறை அளக்கிறது. நம் உடம்போ உப்புத் தண்ணீர்ப் பை, மின்சாரத்தைக் கடத்தும். விரல் நெருங்கினால் கோடுகளுக்கு இடையே உள்ள மின்புலத்தில் கொஞ்சம் நம் பக்கம் திரும்பிவிடும். அந்த இடத்தில் அளவு குறையும். திரைக்குத் ‘தொட்டது’ என்றால் இந்தக் குறைவுதான்.

கோடுகளுக்கு நடுவே சுமார் 4, 5 மி.மீ. இடைவெளி இருக்கும். அப்புறம் எப்படி விரல் இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் பிடிக்கிறது? கழியில் மூட்டையைக் கோத்து இரண்டு பேர் தூக்கினால், யார் தோள் அதிகம் அழுந்துகிறதோ அவர் பக்கம்தான் மூட்டை இருக்கிறது. அக்கம்பக்கக் கோடுகளில் எதில் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டு, சில்லும் அப்படித்தான் நடுப்புள்ளியைக் கணக்கிடுகிறது.

இந்தக் கணக்கைத் தண்ணீர் குழப்பிவிடும். அதுவும் மின்புலத்தைக் கலைக்கும் என்பதால் துளி எது, விரல் எது என்று சில்லுக்குத் தெரியாமல் போகிறது. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலில் சிக்கல் வேறு. காய்ந்த தடித்த தோல் சரியாகக் கடத்தாது. அதற்குள் இருக்கும் ஈரச்சதை கோடுகளிலிருந்து தள்ளிப் போய்விடுவதால் மாற்றம் மெலிந்துவிடுகிறது. மாமா ஊன்றுவதில் துளி நியாயமும் உண்டு: அழுத்தினால் விரல் தட்டையாகி, படும் பரப்பு கூடும். ஆனால் திரை முழுக்க ஈரமாக இருக்கும்போது அது எடுபடாது.

இவ்வகைத் தொடுதிரையை 1965இல் விவரித்தவர் இங்கிலாந்தின் இ. ஏ. ஜான்சன். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்காக யோசித்தது அது. கூரைக்குக் கீழே மேசை முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அவர்கள். மண்டிக் கை அப்போது கணக்கிலேயே இல்லை. இப்போதும் பாதிதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சார்ஜில் போட்ட போன் சில சமயம் தானாகவே எதையாவது திறக்கிறதே, அதுவும் இதே கதைதான். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின்னிரைச்சல் விரல் போல வேஷம் போடுகிறது.

துண்டில் கையையும் திரையையும் துடைத்துவிட்டு லேசாகத் தொடச் சொன்னேன். பணம் போய்விட்டது. “அட, இவ்ளோதானா?” என்றார். அடுத்த ஆளுக்கு அனுப்பும்போது மறுபடி நகம் வெளுத்தது.