பழைய மௌன காமெடிப் படங்கள்ல விழுந்தா ஏன் வலிக்காத மாதிரியே தெரியுது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார், "சாப்ளின், பஸ்டர் கீட்டன் படத்துல எல்லாம் ஏன் இப்படி குடுகுடுன்னு ஓடுறாங்க, அந்தக் காலத்து கேமரா சரியில்லையா?"ன்னு. கேமரா நல்லாத்தான் இருந்துச்சு. அந்த வேகத்துல பெரும்பகுதி வேணும்னே செஞ்சது.

அப்போ கேமராவோட பக்கவாட்டுல ஒரு கைப்பிடி இருக்கும், ஒரு சுத்து சுத்தினா 8 ஃபிரேம், அதாவது 8 தனித்தனிப் படம் பதியும், செகண்டுக்கு ரெண்டு சுத்துன்னா 16. கை சீரா போகணும்னு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே சுத்தின கேமராமேன்கள் உண்டு. துரத்துற சீன்னா மெதுவா சுத்துவாங்க, ஃபிரேம் கம்மியா பதியும், அதைத் தியேட்டர்ல வேகமா ஓட்டினா ஆள் பறப்பான். 1912ல மேக் சென்னட் ஆரம்பிச்ச கீஸ்டோன்ங்கிற காமெடிப் படக் கம்பெனியோட போலீஸ் ஓட்டத்துல எல்லாம் இந்த வித்தைதான். 1920களோட கடைசியில பேசும்படம் வந்ததும் சவுண்டுக்காக 24 ஃபிரேம்னு நிலையாச்சு, பழைய படத்தையும் அதுலயே ஓட்ட, வேகம் இன்னும் கூடிப்போச்சு.

இதுவரைக்கும் பலருக்கும் தெரிஞ்ச கதைதான், எனக்கு உயிரான விஷயம் இனிமேதான் வருது. வேகத்தைக் கூட்டினா ஆளோட ஓட்டம் மட்டும் மாறல, புவியீர்ப்பே மாறின மாதிரி ஆகிடுது, அதுவும் வர்க்கக் கணக்குல. எவ்வளவு நேரத்துல எவ்வளவு தூரம் விழும்னு ஸ்கூல்ல படிச்ச 'அரை ஜி டி ஸ்கொயர்' சூத்திரம் ஞாபகம் இருக்கும்ல? ஒருத்தர் 5 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுறார்னா (புவியீர்ப்பை 10ன்னு வெச்சுக்கலாம்) தரைக்கு வர 1 செகண்ட், அது 16 ஃபிரேமா பதியுது. அதையே 24ல ஓட்டினா 0.67 செகண்ட்ல முடிஞ்சிடும். நிஜத்துல 0.67 செகண்ட்ல எவ்வளவு தூரம் விழலாம்? வெறும் 2.2 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனா உயரம் 2.25 மடங்கு சுருங்கிடுச்சு. அதே கணக்குல 1.8 மீட்டர் ஆளோட அசைவு 80 சென்டிமீட்டர் உருவத்தோட அசைவு மாதிரி இருக்கும், அதாவது நடை பழகுற குழந்தையோட உயரம். குழந்தை பொத்துன்னு விழுந்து உடனே எந்திரிச்சு ஓடும்போது நமக்கு எப்படிச் சிரிப்பு வருதோ அப்படித்தான் இதுக்கும் வருதுன்னு நான் நினைக்கிறேன்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டா மினியேச்சர் ஷாட். கால் பங்கு சைஸ் பொம்மைக் கப்பல் நிஜக் கப்பல் மாதிரி தெரியணும்னா ரெண்டு மடங்கு ஃபிரேம்ல எடுத்து மெதுவா ஓட்டணும். கீட்டன் 1926ல 'தி ஜெனரல்' படத்துக்கு அந்த வேலையே வேண்டாம்னு ஆரிகன்ல நிஜ ரயில் இன்ஜினையே பாலத்தோட ஆத்துல கவுத்தார், அந்த இன்ஜின் சாயுற கனத்தைப் பார்த்தாலே பொம்மை இல்லைன்னு தெரிஞ்சிடும்.

இப்போ பழைய ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமா ஸ்கேன் பண்ணி எந்த வேகத்துல வேணும்னாலும் ஓட்டலாம். சிலர் "இயல்பா" இருக்கணும்னு ரொம்ப மெதுவாக்கிடறாங்க, அது தப்புன்னுதான் சொல்வேன், வேகம் அந்த காமெடியோட ஒரு பாகம். ஆனா ஸ்கேன் பண்ண முதல்ல ஃபிலிம் இருக்கணுமே. அமெரிக்க முழுநீள மௌனப் படங்கள்ல சுமார் 14 சதவீதம்தான் வெளியான வடிவத்துலயே மிஞ்சியிருக்கு. சென்னையில நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவோட முதல் மௌனப் படம், அதுக்கு ஒரு பிரதிகூட இல்ல. சினிமா விழாவுக்குக் கோடிக்கணக்குல செலவு பண்றோம், அதுல ஒரு பங்கையாவது ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தா என்ன?

நீங்களே ஒரு படத்தைச் சோதிச்சுப் பார்க்கலாம். ஆள் உயரச் சுவர்லேர்ந்து ஒருத்தர் கீழ விழுற சீனைப் பிடிங்க, ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்தி எண்ணுங்க. 1.8 மீட்டர் விழ 0.6 செகண்ட் ஆகும். 10 ஃபிரேம் வந்தா கேமரா செகண்டுக்கு 16 ஃபிரேம் எடுத்திருக்கு, 7 வந்தா 12தான்.